பிக்கப் டெக்கில் கேம்பர் பெட்டி: தர்மபுரி, கிருஷ்ணகிரி சாலைகளில் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

"வண்டி 1.7 டன் தாங்கும், 400 கிலோ பெட்டிக்கு என்ன பயம்?" பிக்கப்பின் டெக்கில், அதாவது பின்னால் சாமான் ஏற்றும் தட்டில், ஏற்றி இறக்கும் கேம்பர் பெட்டி (பயணத்தில் தங்கித் தூங்கும் சிறு அறை) வாங்கவோ பட்டறையில் கட்டவோ போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். பொலேரோ பிக்கப் 1.7 டன், டாடா யோதா 2.0 மாதிரியான நீள டெக் வண்டிகளில் மொத்த எடை சிக்கலே இல்லை. சிக்கல், அந்த எடை பின் அச்சுக்கு முன்னால் உட்காருகிறதா, பின்னால் உட்காருகிறதா என்பதில்தான். இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கேப் வண்டிகளுக்கு, அதாவது டி-மேக்ஸ் வி-கிராஸ், ஹைலக்ஸ் வகைக்கு, மொத்த எடையும் சிக்கல், இடமும் சிக்கல்.

ஆர்.சி.யை எடுத்து லேடன் எடையிலிருந்து (சுமையோடு அனுமதித்த மொத்த எடை) அன்லேடன் எடையை (காலி வண்டி எடை) கழியுங்கள். வருவதில் ஓட்டுநரும் அடக்கம், ஏனென்றால் சட்டப்படி அன்லேடன் எடையில் ஓட்டுநர் எடை சேராது. டபுள் கேப்பில் நான்கு பேர் ஏறினாலே 280 கிலோ போய்விடும். பம்பர், கேரியர், வின்ச் என்று வண்டி வாங்கிய பிறகு பூட்டிய எல்லாம் அதே கணக்கில்தான். மிச்சம் இருப்பதுதான் பெட்டிக்கு. பல வண்டிகளில் அந்த மிச்சத்தைப் பார்த்தால் பெட்டி ஆசையே விட்டுப்போகும். வண்டிக் கூரை மேல் விரிக்கும் கூடாரம் போதும் என்று அங்கேயே முடிவெடுப்பது நல்லது.

பெட்டி என்ன எடை வரும்? 2.1 மீட்டர் நீளம், 1.6 அகலம், 1.8 உயரம் என்று வையுங்கள். 25×25 மில்லி சதுரக் குழாய், 2 மில்லி கனம், மொத்தம் 60 மீட்டர் பிடிக்கும். இரும்பில் கட்டினால் மீட்டருக்கு 1.44 கிலோ, ஆக 86 கிலோ. அலுமினியத்தில் அதே குழாய் 30 கிலோ. வெளியே 3 மில்லி ஏ.சி.பி (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட் 65 கிலோவை ஒட்டி வரும். உள்ளே பிளைவுட் ஆசை வந்தால் முடிந்தது கதை: 12 மில்லி, எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே 20 கிலோவுக்கு மேல். அலமாரி, கட்டில், மேசை என்று மூன்று நான்கு ஷீட் தானாக உள்ளே போய்விடும். கட்டிலுக்கு அலுமினியச் சட்டத்தில் நாடாப் பட்டை பின்னினால் போதும். 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும்; 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி 12, 13 கிலோ. விலை கூடுதல்தான், ஆனாலும் எடை குறைக்கப் பணம் போடுவதென்றால் முதலில் இங்கே போடுங்கள்.

இனி எடை மையம். இதைப் பட்டறையில் யாரும் அளந்து தருவதில்லை, நீங்களேதான் அளக்க வேண்டும். மாங்காய் மண்டியில் இருக்கும் பிளாட்பாரத் தராசு ஒன்று கிடைத்தால் போதும். பெட்டியை அதன் நான்கு ஜாக் கால்களில் நிறுத்தி, பின் கால் இரண்டையும் தராசில் வையுங்கள். முன் கால்களுக்கு அதே உயரத்தில் கட்டை கொடுங்கள்; சாய்ந்து நின்றால் கணக்கு பொய்யாகும். பிறகு முன் கால்களை அதே போல. முன்னால் 220, பின்னால் 180, கால்களுக்கு நடுவே 2,000 மில்லி என்றால்: 180ஐ 2,000ஆல் பெருக்கி 400ஆல் வகுக்க, 900. முன் காலிலிருந்து 900 மில்லியில் எடை மையம். இப்போது பின் சுவரை ஒட்டி, 1,900 மில்லி தள்ளி 60 லிட்டர் தண்ணீர் தொட்டி வைத்துப் பாருங்கள். மையம் 1,030க்கு நகரும். ஒரே ஒரு தொட்டி 130 மில்லி இழுத்துவிடுகிறது. தண்ணீரும் பேட்டரியும் முன் சுவரை ஒட்டித்தான் இருக்க வேண்டும்; குளிப்பதற்கு வசதி என்று பின்னால் தொட்டி வைப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

இந்த மையம் வண்டியின் பின் அச்சுக்கு நேராகவோ, கொஞ்சம் முன்னாலோ விழ வேண்டும். வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) 3,200 மில்லி உள்ள வண்டியில் 550 கிலோ பெட்டி, மையம் அச்சுக்கு 150 மில்லி முன்னால் விழுந்தால் பின் அச்சுக்கு 524 கிலோ, முன்னுக்கு 26 கிலோ. 300 மில்லி பின்னால் விழுந்தால் பின் அச்சுக்கு 602 கிலோ; அதாவது பெட்டியின் எடையை விட 52 கிலோ அதிகம். அந்த 52 கிலோ முன் சக்கரங்களில் இருந்து பிடுங்கப்பட்டது. ஸ்டியரிங் லேசாகும், முன் பிரேக் பிடிப்பு குறையும். வத்தல்மலை கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது திருப்பினால் வண்டி வெளிப்பக்கமாக நழுவப் பார்ப்பதற்கு இதுதான் காரணம், டயர் அல்ல. நீள டெக் வண்டியில் பெட்டியை ஹெட்போர்டு (கேபினை ஒட்டிய டெக்கின் முன் தடுப்பு) வரை தள்ளிவிட்டுப் பின்னால் மிஞ்சும் இடத்தைக் காலியாக விடுங்கள். "சும்மா கிடக்குதே" என்று டிரம்மோ ஜெனரேட்டரோ வைத்தால் செய்த கணக்கு வீண்.

பிறகு எடைமேடை. கிரானைட் லாரிகள் ஓடும் கிருஷ்ணகிரி பக்கம் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. டீசல், தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போங்கள். முழு வண்டி, முன் சக்கரம் மட்டும், பின் சக்கரம் மட்டும் என்று மூன்று சீட்டு. மேடை விளிம்பும் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும் இடமாகப் பாருங்கள். பின் அச்சுச் சீட்டை டயர் பக்கச்சுவரில் உள்ள லோடு எண்ணோடு ஒப்பிடுங்கள்: 100 என்றால் 800 கிலோ, 106 என்றால் 950, 112 என்றால் 1,120. 106/104 என்று இரண்டு எண் இருந்தால் பின்னால் பக்கத்துக்கு ஒரே டயர் உள்ள வண்டிக்கு முதல் எண். 106 டயர் இரண்டுக்கு 1,900 கிலோ. சீட்டில் 1,750ஐத் தாண்டினாலே சாமானைக் குறைக்கிறோம். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். மத்தியான வெயிலில் அழுத்தம் ஏறிவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள்.

பின் கமானில் (லீஃப் ஸ்பிரிங்) கூடுதல் பட்டை சேர்த்தால் பின்பக்கம் நிமிரும், அவ்வளவுதான், ஆர்.சி எடை ஒரு கிலோ கூட ஏறாது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. லோடு சென்சிங் வால்வு உள்ள வண்டிகளில், பின் அச்சு ஹவுசிங்குக்கும் சேஸுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் என்று வால்வு தீர்மானிக்கும். பட்டை சேர்த்து வண்டியை உயர்த்தினால் டெக் காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது முன் பிரேக் மட்டும் எல்லா வேலையும் பார்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டையைத் தொட்டால் அன்றே வால்வின் கம்பியையும் அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். பட்டை சேர்ப்பதை விட ஆன்டி-ரோல் பார் போடுவதே மேல். உயரப் பெட்டி ஆடுவதை அது அடக்கும், வண்டி உயரத்தில் கை வைக்காது. இறக்கத்தில் மூன்றாவது கியர், தேவைப்பட்டால் இரண்டாவது. நியூட்ரல் கூடவே கூடாது.

கட்டும் முறையில்தான் பட்டறைகள் அதிகம் கோட்டை விடுகின்றன. டெக்கின் ஓரத்தில் உள்ள தார்ப்பாய்க் கொக்கிகள் வெறும் தகட்டில் பற்றவைத்தவை. 500 கிலோ பெட்டி பள்ளத்தில் எகிறினால் கிழிந்து வரும். நான்கு மூலையிலும் சேஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் பிராக்கெட் போல்ட் செய்து, டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கம்பி) போட வேண்டும். சேஸில் வெல்டிங் வேண்டாம். அதன் மேல், கீழ் விளிம்பில் புதுத் துளையும் வேண்டாம், விரிசல் அங்கிருந்துதான் ஓடும். பெட்டிக்கு அடியில் 6 முதல் 8 மில்லி ரப்பர் மேட், முன்னால் ஹெட்போர்டோடு முட்டும்படி மரக்கட்டை. கேபினும் டெக்கும் சேஸில் தனித்தனியாகப் பொருத்தியவை என்பதால் இரண்டும் வேறு வேறாக ஆடும். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே 50 மில்லியாவது விடுங்கள். கேபினுக்கு மேலே நீளும் படுக்கை இருந்தால் 75 முதல் 100 மில்லி. துணி ராட்செட் நாடாவை மட்டும் நம்பினால் மழையில் இளகும். புதிதாகக் கட்டிய பிறகு முதல் 20 கிலோமீட்டரில் நிறுத்தி முறுக்கிப் பாருங்கள், பிறகு ஒவ்வொரு நாள் காலையும். அஞ்செட்டி காட்டுப் பாதை மாதிரியான சாலையில் அரை நாளிலேயே அரைச் சுற்று இளகும்.

நீண்ட நாளில் பெட்டியில் முதலில் கெடுவது கூரை மூலை. ஆட்டத்தில் சீலன்ட் விரிந்து வடகிழக்கு மழையில் ஒழுகும். பாலியூரித்தேன் சீலன்ட் சிலிக்கானை விட நின்று பிடிக்கிறது. சமையல் வாயு காற்றை விடக் கனம் என்பதால், கசிந்தால் வெளியேற, தரை மட்டத்தில் மூடாத துளை ஒன்று கட்டாயம்.

சட்டம்: 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு ஆர்.சி விவரத்துக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. நிரந்தரமாகப் பொருத்துவதென்றால் மோட்டார் கேரவனுக்கான ஏ.ஐ.எஸ்-124 தரநிலை பக்கம் போக வேண்டியிருக்கும். இறக்கி வைக்கும் பெட்டி என்றாலும் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதிக எடைக்கு 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. ஓடும்போது பெட்டிக்குள் ஆள் வேண்டாம்.

இறக்கும்போது தோப்பு மண்ணில் ஜாக் கால் புதையும். ஒரு காலுக்கு 300 மில்லி சதுரத்தில் பிளைவுட் துண்டு ஒன்று, நான்கையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். வண்டி வெளியே வந்ததும் பெட்டியைத் தாழ்த்திவிடுங்கள். உயர்த்திய காலில் நிற்கும்போது அதற்குள் ஏறித் தூங்காதீர்கள்.