ஸ்டாக் தளமா, அச்சுப் பிரதியா?

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் அதிலிருந்து நாலு காசு பார்க்க விரும்பினால், ஸ்டாக் தளங்களில், அதாவது படங்களைப் பயன்படுத்தும் உரிமையை இணையத்தில் விற்றுத் தரும் தளங்களில், ஏற்றலாம், அல்லது அச்சிட்டு நேரடியாக விற்கலாம்.

ஸ்டாக் தளங்களில் ஏற்றக் கைக்காசு தேவையில்லை. விற்பனைத் தொகையில் படம் எடுத்தவருக்குக் கிடைக்கும் பங்குதான் சிறியது. அடோபி ஸ்டாக் தளம் புகைப்படங்களுக்கு 33 விழுக்காடு தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் கொண்டுவந்த முறையில், பங்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பதிவிறக்கங்கள் கூடக்கூட 40 வரை உயர்ந்தாலும், ஒவ்வொரு ஜனவரியிலும் மீண்டும் முதல் படிக்கே இறங்கிவிடுகிறது. இது உழைப்பவருக்கு நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. மேலும், சந்தையில் பூக்கட்டும் அம்மாவின் முகம் எவ்வளவு அழகாகப் பதிவாகியிருந்தாலும், அவர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் இல்லையென்றால் அப்படத்தை விளம்பரப் பயன்பாட்டுக்கு விற்க முடியாது.

அச்சில் கைக்காசு முதலில் போகும். 12க்கு 18 அங்குலப் பிரதியை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 3600க்கு 5400 பிக்சல்கள் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா அதற்குப் போதும். ஆனால் ஒளிரும் திரையில் விழுது விழுதாகத் தெரிந்த ஆலமரம், தாளில் வெறும் கரிய திட்டாக வந்துவிடக்கூடும் என்பதால், சிறிய சோதனைப் பிரதி ஒன்றை எடுத்து, நிழற்பகுதிகளைச் சற்று வெளிச்சமாக்கிய பிறகே பெரிய அளவுக்குப் போக வேண்டும். அப்படி விற்கும் ஒரே பிரதியின் லாபம் பல பத்துப் பதிவிறக்கங்களுக்கு ஈடாகலாம்.

ஊர்க் குளம், கோபுரம், தேரோட்டம் போன்றவற்றை அந்த ஊர்க்காரர்களே சுவரில் மாட்ட ஆசைப்படுவார்கள் என்பதால் அவற்றை அச்சுக்கும், வெள்ளைப் பின்னணியில் எடுத்த மஞ்சள் கிழங்கு போன்ற பொதுப் படங்களை ஸ்டாக் தளத்துக்கும் ஒதுக்குவதையே நான் பரிந்துரைப்பேன்.