காற்றடைக்கும் டூரிங் பேடில் போர்டு: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு என் கணிப்பு

நின்றபடி துடுப்புப் போட்டு நீரில் செல்லும் பலகைதான் பேடில் போர்டு. காற்றடைத்துப் பயன்படுத்தும் பேடில் போர்டுகளில் பெரும்பாலானவை பத்தரை அடி நீளமும் 32 முதல் 34 அங்குல அகலமும் கொண்ட பொதுப் பயன்பாட்டுப் பலகைகளே. கரையோரமாகச் சுற்றிவரவும், குழந்தையை முன்னால் உட்காரவைத்துச் சற்று நேரம் துடுப்புப் போடவும் அவை தாராளமாகப் போதும். ஆனால் பெரிய நீர்ப்பரப்பு ஒன்றைக் கடந்து, மறுகரையில் இறங்கி இளைப்பாறித் திரும்ப நினைப்பவருக்கு, அந்தப் பலகையின் உருண்ட முன்முனை தண்ணீரைக் கிழிக்காமல் தள்ளிக்கொண்டே போவதும், சில வீச்சுகளுக்கு ஒருமுறை பக்கம் மாற்றாவிட்டால் திசை விலகுவதும் விரைவில் சலித்துவிடும். டூரிங் என்ற வகை இந்தத் தேவைக்காகவே இருக்கிறது: பதினொன்றரை முதல் 14 அடி வரை நீளம், 28 முதல் 32 அங்குலம் வரை அகலம், கூரான முன்முனை, சாமான்களைக் கட்டுவதற்கான வளையங்கள்.

நான் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருவது பன்னிரண்டரை அடி நீளமும் 30 அங்குல அகலமும் 6 அங்குலத் தடிமனும் கொண்ட பலகை. நண்பர்களின் 14 அடிப் பலகையிலும் பதினொன்றரை அடிப் பலகையிலும் நெடுந்தொலைவு சென்றிருக்கிறேன். கரையருகே பத்து நிமிடம் ஏறி நின்று பார்த்தால் எல்லாப் பலகைகளும் நல்லவையாகவே தோன்றும். அகலமானது இன்னும் நல்லதாகத் தோன்றும். மூன்றாவது மணி நேரத்தில், பாதங்கள் களைத்து, எதிர்க்காற்று எழுந்து, பின்னால் பையும் கட்டியிருக்கும் நிலையில் பலகை எப்படி நடந்துகொள்கிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன். கீழே சொல்பவை யாவும் அந்த நிலையை மனத்தில் வைத்துச் சொன்னவை.

நீளத்தைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. அந்த அளவுக்கு அது தகுதியானதா என்பது ஐயமே. நீரை விலக்கிச் செல்லும் எந்தக் கலத்துக்கும் உச்ச வேகம் அதன் நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். எனவே பத்தரை அடியிலிருந்து பன்னிரண்டரைக்குப் போனால் கணக்குப்படி ஏறத்தாழ 9 விழுக்காடும், அங்கிருந்து 14 அடிக்குப் போனால் மேலும் 6 விழுக்காடும்தான் கிடைக்கும். நிதானமாகத் துடுப்புப் போடுபவர் அந்த உச்சத்தை எட்டுவதும் இல்லை. நீளத்தால் உண்மையில் கிடைக்கும் பயன், ஒரு வீச்சுக்குப் பின் பலகை தானாக வழுக்கிச் செல்லும் தூரமும், நேர்கோட்டில் நிற்கும் குணமுமே. அந்த இரண்டும் பன்னிரண்டரை அடியிலேயே போதிய அளவு வந்துவிடுகின்றன. 14 அடிப் பலகை அமைதியான நீரில் இன்பமாக ஓடுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பக்கக் காற்றில் அதன் முன்முனையைத் திருப்பிக்கொண்டுவருவதற்குள் தோள் வலித்துவிடும். உடல் எடை குறைந்தவர்களுக்குப் பதினொன்றரை அடியே பொருத்தம்.

அகலத்தில் கவனம் வேண்டும். 32 அங்குலப் பலகையில் நிற்பது எளிது, ஆனால் துடுப்பு உடலைவிட்டு எட்டிப் போகிறது. எட்டிப் போகப் போக வீச்சு செங்குத்தாக விழாமல் சரிந்து விழும். சரிந்த வீச்சு பலகையை முன்னே தள்ளுவதற்குப் பதில் சுழற்றிவிடும். 28 அங்குலத்தில் இந்தக் குறை இல்லை, மாறாகக் கால் தசைகள் ஓயாமல் சமநிலை தேடிக்கொண்டிருப்பதால் பாதத்தின் உள்வளைவு நோகத் தொடங்கும். நடுத்தர உடல்வாகு கொண்டவருக்கு 30 அங்குலம் என்பது என் முடிவு. கனத்த உடல்வாகு உள்ளவரும், கூடாரம் முதலியவற்றை ஏற்றிச் செல்பவரும் 32ஐ எடுக்கலாம்.

இவை இரண்டையும்விட முக்கியமானது விறைப்பு. விளம்பரங்களில் இதைக் காட்ட முடியாததாலோ என்னவோ, பலரும் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். இந்தப் பலகைகளின் உட்புறத்தில், மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான பாலியெஸ்டர் இழைகள் ஒரே நீளத்தில் இணைத்திருக்கும். டிராப் ஸ்டிட்ச் எனப்படும் இந்த அமைப்புதான் காற்றை அடைத்ததும் பலகை உருளையாகப் பருத்துவிடாமல் தட்டையாக நிற்கக் காரணம். அதன்மேல் பி.வி.சி. பூச்சு வரும். ஒற்றைப் பூச்சு உள்ளவை இலகுவானவை, மலிவானவை, ஆனால் நீளம் கூடக் கூட நடுவில் தொய்பவை. இரண்டாவது அடுக்கைப் பசையால் ஒட்டினால் விறைப்பும் எடையும் சேர்ந்தே கூடும். இரண்டாவது அடுக்கைத் தொழிற்சாலையிலேயே வெப்பத்தால் பிணைத்துவிடும் முறையில் பசையின் எடை மிச்சமாகிறது. இப்போது நல்ல டூரிங் பலகைகள் பெரும்பாலும் இந்த வகையே.

தொய்வு எப்படித் தெரியும் என்றால், நிற்பவர் இருக்கும் இடம் கயிற்றுக் கட்டிலைப் போல் தாழ்ந்து, முன்முனையும் பின்முனையும் தண்ணீரைவிட்டு எழும். அப்போது பன்னிரண்டரை அடிக்குரிய நீர்மட்ட நீளம் கிடைக்காது. ஒவ்வொரு வீச்சிலும் பலகை மேலும் கீழும் அசைந்து உங்கள் உழைப்பில் ஒரு பங்கை விழுங்கும். நிற்பவருக்கு இது தெரியாமல் போகலாம். கரையில் இருப்பவரைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொன்னால் உடனே சொல்லிவிடுவார். ஒரு பலகையைச் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், இந்த ஒன்றைச் செய்துவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். தடிமன் 6 அங்குலமா, அதற்கும் குறைவா என்ற கேள்வியும் இதைச் சேர்ந்ததே. மெலிந்த பலகையில் நிற்பவர் நீருக்கு நெருக்கமாக இருப்பதால் தடுமாற்றம் குறையும், ஆனால் தடிமன் சிறிது குறைந்தாலும் விறைப்பு அதைவிடக் கூடுதலாகக் குறையும்.

விறைப்பின் மற்றொரு பாதி காற்றழுத்தம். இத்தகைய பலகைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) என்பது ஏறத்தாழ 1 பார். கைப்பம்பில் முதல் பாதி விளையாட்டாகப் போய்விடும், அழுத்தமானி முள்கூட அசையாது. கடைசி நான்கைந்து பி.எஸ்.ஐ.தான் முதுகைப் பிடிக்கும். ஆனால் பலகை பலகையாவது அந்தக் கடைசிப் பகுதியில்தான். 11 அல்லது 12 பி.எஸ்.ஐ.யோடு போதும் என்று நிறுத்துபவர்கள், விலை உயர்ந்த பலகையை வாங்கி மலிவான பலகையில் பயணம் செய்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். இருவழியாகக் காற்றுத் தள்ளும் பம்பாக இருந்தால், கடினமாகும் நேரத்தில் ஒருவழிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி அவசியம். காரின் 12 வோல்ட் இணைப்பில் இயங்கும் மின்பம்ப் எனக்குப் பெரும் உதவியாக இருக்கிறது. இரண்டு பலகைகளை அடுத்தடுத்து நிரப்பினால் அது சூடேறிவிடுவதால் இடையில் ஓய்வு கொடுக்கிறேன்.

வெயிலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 25 டிகிரியில் 15 பி.எஸ்.ஐ.க்கு நிரப்பிய பலகைக்குள் காற்று 50 டிகிரிக்குச் சூடானால், அழுத்தம் பதினேழரை அளவுக்கு ஏறும். தரமான பலகை அதைத் தாங்கும் என்றாலும், நாள்தோறும் இப்படிச் சூடேறினால் முதலில் தளர்வது விளிம்புப் பட்டையின் பசைதான். எனவே கரையில் வெகுநேரம் இருக்க நேர்ந்தால் நிழலில் வைப்பேன், நிழல் இல்லாவிட்டால் சிறிது காற்றை இறக்கிவிடுவேன். தண்ணீரில் மிதக்கும் வரை இந்தக் கவலை குறைவு, நீரே அடிப்பகுதியைக் குளிர்வித்துவிடும்.

காற்றடைக்கும் பலகையின் மாறாத பலவீனம் எதிர்க்காற்று. 6 அங்குலத் தடிமனோடு நீரின்மேல் உயர்ந்து மிதப்பதாலும், நிற்பவர் உடலே பாய்மரமாகிவிடுவதாலும், மிதமான காற்றே வேகத்தைப் பாதியாக்கிவிடும். ஆகையால் முதலில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வருவதே என் வழக்கம். காற்று மிகுந்தால் மண்டியிட்டு, துடுப்பின் நீளத்தைக் குறைத்துக்கொண்டு போகலாம். மேல்தள விரிப்பு முழங்காலுக்கு உறுத்தாததாக இருக்க வேண்டும் என்பதன் அருமை அப்போது விளங்கும். நிலத்திலிருந்து நீரை நோக்கிக் காற்று வீசும் நாளில் கடலில் இறங்குவதே இல்லை.

சாமான் ஏற்றுவதில், தயாரிப்பாளர் அச்சிடும் அதிகபட்ச எடை என்பது பலகை மிதக்கும் எல்லையே தவிர, நன்றாக ஓடும் எல்லை அல்ல. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் உடலும் மூட்டையும் அடங்கினால் நல்லது. கனமானதைக் காலுக்கு அருகிலும் இலேசானதை முனைப்பக்கத்திலும் கட்டினால் பலகை மட்டமாக நிற்கும்.

டூரிங் பலகைக்கு அடியில் நடுவே ஒரே ஃபின், அதாவது திசை விலகாமல் பிடித்துக்கொள்ளும் செங்குத்துத் தகடு, போதும். அதன் பொருத்துகுழி பொதுவாகப் புழங்கும் அளவில் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் தமக்கென்று வைத்திருக்கும் தனிப் பூட்டுமுறை சில நொடிகளை மிச்சப்படுத்தும். ஆனால் ஃபின் தொலைந்தால் மாற்று கிடைக்காமல் பலகையே முடங்கும். பாசி மண்டிய நீரில் பின்னோக்கிச் சாய்ந்த ஃபின்னும், பாறை நிறைந்த ஆழமற்ற நீரில் வளையக்கூடிய குட்டை ஃபின்னும் உதவும்.

பலகையோடு சேர்த்துத் தரப்படும் அலுமினியத் துடுப்பை முதலில் மாற்றுங்கள். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை தூக்கி வைக்கும் பொருளில் சில நூறு கிராம் குறைவது, பலகையில் இரண்டு கிலோ குறைவதைவிட மேலானது. கண்ணாடியிழை அல்லது கார்பன் தண்டு, சிறிய தட்டு, உங்கள் உயரத்தைவிட 20 முதல் 25 சென்டிமீட்டர் கூடுதல் நீளம் என்று தேடினால் போதும். இணைப்புகளில் ஆட்டம் இருக்கக் கூடாது.

லைஃப் ஜாக்கெட் பற்றி வாதமே இல்லை. பலகையை உடலோடு பிணைக்கும் லீஷ் கயிற்றில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. தேங்கிய நீரில் சுருள் லீஷைக் கணுக்காலில் கட்டலாம். ஓடும் ஆற்றில் அது கிளையிலோ தூணிலோ சிக்கினால் நீரோட்டம் ஆளை அமுக்கிவிடும், கை கணுக்காலை எட்டாது. அங்கே இடுப்பில் கட்டி ஒரே இழுப்பில் கழன்றுவிடும் வகைதான் வேண்டும்.

இத்தனை காலத்தில் தேய்ந்தவை எவை என்றால், மேல்தள விரிப்பின் ஓரம் சற்றுப் பெயர்ந்திருக்கிறது, பையின் சக்கரம் ஒன்று போய்விட்டது. இரவில் காற்று இறங்கியபோது சோப்பு நீரைத் தடவிப் பார்த்ததில் குமிழி வந்தது வால்வின் விளிம்பில். கூடவே வந்த திறவியால் இறுக்கியதும் நின்றது. மணல் துகள் வால்வில் சேராமல் பார்த்துக்கொள்வதும், நன்கு உலர்த்தியபின் தளர்வாகச் சுருட்டி வைப்பதுமே நான் செய்யும் பராமரிப்பு. தையலோரம் இன்றுவரை கசியவில்லை.

கூரைமேல் ஏற்றிச் செல்லக் காரும், நீளமாகச் சாய்த்து வைக்க வீட்டில் இடமும் இருப்பவர்கள் கெட்டிப் பலகையையே வாங்கலாம். காற்றிலும் அலையிலும் அதன் ஓட்டத்துக்கு இது ஈடாகாது. எனக்கு அந்த இடம் இல்லை. அடுத்து வாங்க நேர்ந்தாலும் இதே நீளத்தையும் அகலத்தையும்தான் எடுப்பேன், அதில் ஒரு கிலோ குறைவானது கிடைக்குமா என்று மட்டும் பார்ப்பேன்.