யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர்: தேதி முதலில், ஹோட்டல் பிறகு

சென்டோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஒன்றும் பிரமாண்டமான தீம் பார்க் இல்லை. கூட்டம் இல்லாத நாளில் முக்கியமான ரைடுகளை முடித்துவிட்டு, பிடித்ததில் இன்னொரு முறையும் ஏறலாம். கூட்டமான நாளில் அதே டிக்கெட்டுக்கு நான்கைந்து ரைடுதான், மீதி நேரமெல்லாம் கியூ. பார்க் நன்றாக இருக்குமா என்று கேட்பவர்களுக்கு, எந்தத் தேதியில் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான பதில். பலர் மலிவு விமான டிக்கெட்டைப் பிடித்து, அதற்கேற்ற ஹோட்டலைத் தேடி, மிஞ்சிய நாளைப் பார்க்குக்கு ஒதுக்குகிறார்கள். அதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மார்ச்சில் ஒரு வாரம், மே கடைசியிலிருந்து நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஆண்டு முடிய விடுமுறை. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்து லீவு தொடங்கும் ஏப்ரல் கடைசியில் அங்கே பள்ளி நடந்துகொண்டிருக்கும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து மே மூன்றாம் வாரம் வரை, செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாட்கள்தான் முதல் தேர்வு. இடையில் மே 1-ஐ ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். சீனாவிலும் அப்போது தொடர் விடுமுறை. சிங்கப்பூரில் பொது விடுமுறையான விசாக தினமும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும், தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

இரண்டாவது தேர்வு பொங்கல். நமக்கு விடுமுறை, சிங்கப்பூரில் வேலை நாள், பள்ளியும் திறந்திருக்கும். லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் ரோடு முழுக்க விளக்கலங்காரம் வேறு. ஆனால் வடகிழக்குப் பருவமழையின் வால் ஜனவரி வரை நீளும் என்பதால் ரெயின்கோட் கட்டாயம். சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியில் விழும் ஆண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலாண்டு லீவில் போவதுதான் மோசமான யோசனை. சீனாவின் அக்டோபர் முதல் வார விடுமுறை அப்போதுதான். ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயமும் பக்கத்திலேயே வரும் (2025-இல் அக்டோபர் 3 முதல் 5). அந்த வாரம் நகரில் ஹோட்டல் வாடகை எகிறிவிடும். பார்க்கில் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்ற இரவு நேரப் பேய் நிகழ்ச்சி நடக்கும் காலமும் அதுதான். அதற்குத் தனி டிக்கெட். அந்த நாட்களில் பகல் பார்க்கை வழக்கத்தைவிட முன்னதாகவே மூடிவிடுவார்கள். காசு முழுசு, நேரம் குறைவு.

ஒரு தேதியில் கூட்டம் எப்படி இருக்கும் என்று அறிய, பார்க்கின் சொந்தத் தளத்தில் எக்ஸ்பிரஸ் பாஸ் விலையைப் பாருங்கள். கியூவைத் தாண்டிப் போகும் இந்தப் பாஸின் விலை நாளுக்கு நாள் மாறும். ஒரு மாதத்தின் விலைகளை வரிசையாகப் பார்த்தால், எந்த நாளில் கூட்டத்தை எதிர்பார்க்கிறார்கள் என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். பாஸ் மலிவாக இருக்கும் நாளில் போங்கள். அன்று பாஸே தேவைப்படாது. அதே தளத்தில் பராமரிப்புக்காக எந்த ரைடு மூடியிருக்கும் என்ற பட்டியலும் இருக்கும். கூட்டம் குறைந்த வாரங்களில்தான் பராமரிப்பை வைப்பார்கள் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் பார்ப்பது நல்லது.

இனி ஹோட்டல். சிங்கப்பூரில் விலைக்குப் பின்னால் ++ என்று இருந்தால் உஷார். பேச்சில் ‘பிளஸ் பிளஸ்’ என்பார்கள்: 10% சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 9% ஜிஎஸ்டி. 200 வெள்ளி (டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்) அறைக்கு 20 சேர்த்து 220, அதற்கு வரி 19.80, ஆக 239.80. மூன்று இரவுக்கு 600 என்று நினைத்தது 719.40 ஆகிறது. ‘25% தள்ளுபடி’ என்று ஒரு ஆப் காட்டுவது வரிக்கு முந்தைய விலையாகவும், ஹோட்டலின் சொந்தத் தளம் காட்டுவது வரி சேர்ந்த விலையாகவும் இருக்கலாம். பணம் கட்டும் கடைசித் திரை வரை போய், அங்கே தெரியும் தொகைகளை மட்டும் ஒப்பிடுங்கள். தொகையை ரூபாயில் பார்க்காமல் சிங்கப்பூர் டாலரிலேயே வையுங்கள். ரூபாய்க்கு மாற்றிக் காட்டும்போது சொந்த மாற்று விகிதத்தில் சில தளங்கள் லாபம் வைக்கும்.

உண்மையான தள்ளுபடி கிடைப்பது இப்படி: தேதி முடிவானதும், இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு ஒரு அறையைப் பிடித்துவிடுங்கள். பிறகு வாரம் ஒருமுறை அதே அறையின் விலையைப் பாருங்கள். இறங்கியிருந்தால் புதிதாக எடுத்து, அது உறுதியான பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். ரத்துக் கெடு பெரும்பாலும் சிங்கப்பூர் நேரப்படிதான் இருக்கும். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால், இரவு பன்னிரண்டு வரை என்பது நமக்கு ஒன்பதரையோடு முடிந்துவிடும். ஹோட்டலின் இலவச உறுப்பினர் விலையையும் ஒருமுறை சோதியுங்கள். பணம் திரும்பாத மலிவு விலையைப் பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. ஒரு காய்ச்சல் போதும்.

தேடும்போது பிள்ளைகளையும் வயதோடு சேர்த்துப் போடுங்கள். இரண்டு பெரியவர் என்று மட்டும் போட்டால் விலை அழகாகத் தெரியும், ரிசப்ஷனில் போய் நிற்கும்போது கூடுதல் ஆளுக்குப் பணம் கேட்பார்கள். லிட்டில் இந்தியாவின் மலிவு ஹோட்டல்களில் சன்னலே இல்லாத அறைகள் உண்டு. விலை சந்தேகப்படும்படி குறைந்திருந்தால், அறையின் பெயரில் ‘சன்னல் இல்லை’ (no window) என்று இருக்கிறதா பாருங்கள்.

ஒரே நாள் பார்க்குக்காக சென்டோசாவிலேயே தங்குவது வீண் செலவு. மதியம் தூங்கவைக்க வேண்டிய சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் யோசிக்கலாம், அதுவும் ஞாயிறு முதல் வியாழன் இரவுகளில். மற்றவர்கள் ஊதா நிற ரயில் பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: லிட்டில் இந்தியா, சைனாடவுன், ஊட்ரம் பார்க், ஹார்பர்ஃபிரண்ட். லிட்டில் இந்தியாவில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறினால் வண்டி மாறாமல் ஹார்பர்ஃபிரண்டில் இறங்கலாம். மேலே விவோசிட்டி மாலின் மூன்றாம் தளத்தில் தீவுக்குள் போகும் மோனோரயில் இருக்கிறது. ஹோட்டலும் டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜில் டிக்கெட் எத்தனை பேருக்கு, காலை உணவு எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் இருவருக்குத்தான். நான்கு வயது ஆகாத குழந்தைக்குப் பார்க்கில் டிக்கெட்டே வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களில் ஒரு குறை உண்டு. பிற்பகலில் இடி மின்னல் வரும், வந்தால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், பணம் திரும்பாது. அதனால் கதவு திறந்ததும் நேராக பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டர். இரட்டைத் தண்டவாளத்தில் சிவப்பு உட்கார்ந்து போவது, நீலம் தொங்கிக்கொண்டே தலைகீழாகச் சுழல்வது. பிறகு ஜுராசிக் பார்க் ரேபிட்ஸ். தொப்பலாக நனைவீர்கள், மாற்றுத்துணி எடுங்கள். கூரைக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி இரண்டையும் மழை நேரத்துக்கு வையுங்கள். ஆனால் அப்போது எல்லாரும் உள்ளே ஒதுங்குவதால் கியூ நீளும். பிரிந்து உட்காரச் சம்மதம் என்றால் தனிநபர் வரிசையில் சீக்கிரம் போகலாம்.

பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள்: பேட்டில்ஸ்டாருக்கு 125 செ.மீ., மம்மிக்கு 122, ரேபிட்ஸுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. உயரம் எட்டாதவர்களுக்கு, 2025-இல் திறந்த மினியன் லேண்ட் இருக்கிறது.

திரும்பும்போது மோனோரயிலில் காசு இல்லை. தீவுக்குள் வருவதற்குத்தான் 4 வெள்ளி. மூடும் நேரத்தில் அங்கேயும் கியூ நிற்கும். கால் வலி தாங்கினால் நடைபாலம் வழியாகக் கால்மணி நேரத்தில் விவோசிட்டிக்கு வந்துவிடலாம்.