மேல மாசி வீதிப் பக்கத்துப் பழைய புத்தகக் கடை: வெண்டி டோனிகர் வேண்டுமென்றால் பின் ரேக்குக்குப் போங்கள்

மதுரை மேல மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் இருக்கிற பழைய புத்தகக் கடை பற்றியது இது. முன்பக்கம் பூராவும் கோனார் நோட்ஸ், டிஎன்பிஎஸ்சி கைடு, நீட் வினா வங்கி. அதைப் பார்த்துவிட்டு நமக்கு இங்கே வேலை இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். பின்னால் ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு வழி விட்டு இரண்டு இரும்பு ரேக் போட்டிருக்கிறார்கள், அதில் இடது பக்க ரேக்கின் மேல் இரண்டு தட்டுதான் விஷயமே. யாரோ ஓய்வு பெற்ற பேராசிரியர் வீட்டிலிருந்து மொத்தமாக வந்ததாம். வேதம், புராணம், தர்ம சாஸ்திரம் என்று சமஸ்கிருத நூல்களைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த ஆராய்ச்சிப் புத்தகங்கள், அதில் பாதிக்கு மேல் ஒரே ஆள் எழுதியது, வெண்டி டோனிகர். பழைய பதிப்புகளின் அட்டையில் வெண்டி டோனிகர் ஓ’ஃப்ளாஹர்ட்டி என்று இருக்கும். இரண்டும் ஒருவர்தான், வேறு யாரோ என்று வைத்துவிட்டு வந்துவிட வேண்டாம்.

இந்தப் பெயரைச் சொன்னதும் பலருக்கு ஞாபகம் வருவது 2014 சண்டைதான். 2009ல் வந்த இவருடைய ‘தி ஹிந்தூஸ்’ இந்து மதத்தை இழிவுபடுத்துகிறது என்று இந்துத்துவச் செயல்பாட்டாளர் தீனாநாத் பத்ரா தரப்பு வழக்குப் போட்டது, 2014 பிப்ரவரியில் பெங்குவின் இந்தியா சமரசத்துக்குப் போய், புத்தகத்தைத் திரும்பப் பெற்று மிச்சப் பிரதிகளைக் கூழாக்குவதாக ஒப்புக்கொண்டது, அப்புறம் ஸ்பீக்கிங் டைகர் பதிப்பாக அது மறுபடி வந்துவிட்டது. சரி. ஆனால் அந்தப் புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 68. ஆதரிக்கிறவர்களும் திட்டுகிறவர்களும் பெரும்பாலும் அந்த ஒன்றை வைத்துத்தான் பேசுகிறார்கள், அதற்கு முந்தைய நாற்பது வருட உழைப்பை யாரும் புரட்டுவதில்லை. இந்தக் கடையில் கிடைப்பது அந்த உழைப்புதான், அதுவும் மலிவாக.

ஆள் யார் என்றால், 1940ல் நியூயார்க்கில் பிறந்தவர். முதலில் நடனம், அதுவும் ஜார்ஜ் பாலன்சைன், மார்த்தா கிரஹாம் மாதிரி பெரிய கைகளிடம். பிறகு சமஸ்கிருதம், 1963–64ல் இந்தியாவில் தங்கிப் படிப்பு, 1968ல் ஹார்வர்டில் டேனியல் இங்கல்ஸிடம் ஒரு முனைவர் பட்டம், அது போதாதென்று 1973ல் ஆக்ஸ்ஃபோர்டில் இன்னொன்று, 1978லிருந்து சிகாகோ பல்கலைக்கழகம். ரேக்கில் இருப்பதை அந்த வரிசையிலேயே பார்த்துவிடலாம்.

1973ல் வந்த சிவன் புத்தகம் அவருடைய ஹார்வர்ட் ஆய்விலிருந்து வளர்ந்தது. காமனை நெற்றிக் கண்ணால் எரித்த தவசியேதான் பார்வதியைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறவரும், இது எப்படி என்பதுதான் கேள்வி. முரண்பாடு என்று ஒதுக்காமல், இரண்டும் சேர்ந்ததுதான் சிவன் என்று ஒரே கதையைப் புராணத்துக்குப் புராணம் அடுக்கி வைத்துக் காட்டுகிறார், பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி ஸ்ட்ராஸ் வழியில். படிக்கக் கஷ்டம், நடுவில் தலை சுற்றும். ஆனால் மதுரையில் வளர்ந்தவர்களுக்கு வாதம் சட்டென்று பிடிபட்டுவிடும் என்று நினைக்கிறேன். சித்திரையில் மாப்பிள்ளையாக நிற்கிறவர், ஆவணியில் பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி வாங்குகிறார், வெள்ளியம்பலத்தில் பாண்டியன் கேட்டான் என்று கால் மாற்றி ஆடுகிறார், இத்தனையும் ஒரே சொக்கநாதர்தானே, நாம் யாரும் அதில் குழம்புவதில்லை.

ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் 1975 பெங்குவின் ‘ஹிந்து மித்ஸ்’ வாங்குங்கள். ரிக் வேதத்திலிருந்து புராணங்கள் வரை 75 கதைகள், சமஸ்கிருதத்திலிருந்து நேராக, ஒவ்வொன்றுக்கும் முன்னால் சின்ன அறிமுகம். அவருடைய கருத்து பிடிக்காதவர்கள் கூட இதில் மூலக் கதையை மூலக் கதையாகப் படித்துக்கொள்ளலாம். எனக்கு 120 ரூபாய்க்குத் தந்தார்.

1976ல் வந்தது தீமை எங்கிருந்து வந்தது என்பது பற்றி. பிரகலாதன், பலி மாதிரி நல்ல அசுரர்களை வைத்துக்கொண்டு தேவர்கள் படும் பாடு, அசுரர்களைக் கெடுக்கவே விஷ்ணு புத்தராக வந்தார் என்கிற கதை எல்லாம் இதில் விரிவாக வரும். இந்த மாதிரி இடங்களில் அவர் கை நன்றாக ஓடுகிறது. உளப்பகுப்பாய்வுக்கார ஃபிராய்டை உள்ளே கூப்பிடும்போதுதான் எனக்கு ஒட்டுவதில்லை.

ரிக் வேதத் தொகுப்பு 1981. மொத்தம் 1,028 சூக்தங்களில், அதாவது பாடல்களில், 108 மட்டும், சிருஷ்டி, மரணம், அக்னி, சோமம், இந்திரன் என்று பொருள்வாரியாகப் பிரித்து, குறிப்புகளோடு. வாய்விட்டுப் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஹார்வர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த மைக்கேல் விட்ஸெல் இவருடைய மொழிபெயர்ப்புகளில் பிழை இருக்கிறது என்று கடுமையாகவே எழுதியிருக்கிறார், மேற்கோள் காட்ட வாங்குகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளவும். முழுசாக வேண்டும் என்றால் ஸ்டெஃபானி ஜேமிசனும் ஜோயல் பிரரட்டனும் 2014ல் கொண்டுவந்த மூன்று தொகுதிகள் இருக்கின்றன, அதை இந்தக் கடையில் எதிர்பார்க்காதீர்கள், விலை வேறு லெவல்.

உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கரோடு சேர்ந்து 2002ல் மொழிபெயர்த்த காமசூத்திரத்தைக் கடைக்காரர் ரேக்கில் வைப்பதில்லை. கல்லாவுக்குக் கீழே இருக்கிறது, கேட்டால் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தினத்தாளில் சுற்றித் தருகிறார். உள்ளே யசோதரரின் பழைய உரையிலிருந்து எடுத்த பகுதிகளும் குறிப்புகளும்தான் பக்கம் பக்கமாக. ஆசையாக வாங்கிப் போகிறவர் ஏமாந்து போவார், பாவம்.

பெரிய குறை ஒன்று. டோனிகர் சமஸ்கிருதக்காரர், தமிழ் அவர் களம் இல்லை. தடாதகைப் பிராட்டியார், அதாவது மீனாட்சி கதை, திருவிளையாடல், அதற்குச் சமஸ்கிருதத்தில் இருக்கிற ஹாலாஸ்ய மாகாத்மியம் என்று நம்ம ஊர் விஷயத்துக்கு டேவிட் ஷுல்மன் 1980ல் எழுதிய தமிழகக் கோயில் தலபுராண ஆய்வுதான் சரியான புத்தகம், அவர் தமிழும் தெரிந்தவர். மீனாட்சி கோபுரம் தெரிகிற தூரத்தில் கடை வைத்துக்கொண்டு அது மட்டும் இல்லை. கேட்டேன். “வந்தா எடுத்து வைக்கிறேன் தம்பி, நம்பரக் குடுத்துட்டுப் போங்க” என்றார். வாங்கி எழுதிய நோட்டில் எனக்கு முன்னால் ஏகப்பட்ட நம்பர்.

கடை பற்றி மற்றது: விலையைப் புத்தகத்தின் தடிமனைப் பார்த்துத்தான் சொல்கிறார், அதனால் ஒல்லியான அபூர்வப் புத்தகம் சல்லிசாகவும் தடியான சாதாரணப் புத்தகம் அநியாயத்துக்கும் வரும். பேரம் பேசலாம், ஐம்பது ரூபாய் வரை குறைப்பார். ஜிபே கிடையாது. வாங்கியதைத் திருப்பி எடுப்பதில்லை, அதனால் அங்கேயே நின்று பக்கம் சரிபாருங்கள், எனக்குக் காட்டிய 1976 புத்தகத்தில் நடுவே ஒரு கட்டே காணவில்லை, அவர் “அது மட்டுந்தானங்க இல்ல” என்கிறார். பேராசிரியரின் பென்சில் குறிப்புகள் ஓரத்தில் நிறைய இருக்கின்றன, எனக்கு அது போனஸ், சுத்தமான பிரதி வேண்டுமென்பவர்களுக்குத் தொல்லை. டஸ்ட் அலர்ஜி உள்ளவர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு போகவும். சித்திரைத் திருவிழா சமயத்தில் மாசி வீதிகளுக்குள் வண்டி விடமாட்டார்கள், அப்போது முயற்சி செய்யாதீர்கள்.

ஐந்துக்கு மூன்றரை. பிரையன் ஸ்மித்தோடு சேர்ந்து அவர் செய்த 1991 மனுஸ்மிருதி மொழிபெயர்ப்பு ஒன்று மேல் தட்டில் இன்னும் இருக்கிறது, முதுகு கிழிந்திருந்தாலும் பக்கம் முழுசாக இருக்கிறது, 200 சொல்வார், 150க்குக் கேளுங்கள்.