வெளிக் கம்பெனியா, சொந்த ஆளா? ஒரு அரிசி மொத்தக் கடை இரண்டையும் பார்த்தது

திருநெல்வேலி ஜங்ஷனில் எங்கள் தலைமைக் கடை. தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர் மூன்றிலும் கிளைகள். அரிசியும் மளிகையும் மொத்த வியாபாரம். நான் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். பெரிய நிறுவனங்களில் தலைமைத் தகவல் அதிகாரி என்று ஒருவர் தனி அறையில் இருப்பார். எங்கள் கடையில் அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது, 'கம்ப்யூட்டரைப் பார்க்கிற ஆள்' என்போம். ஆனால் வேலை என்னவோ ஒன்றுதான்: எதை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது, யாருக்கு எதைத் திறந்துவிடலாம், கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் எப்படி எழுப்புவது.

2022 வரை அந்தப் பொறுப்பு முழுவதும் சென்னையில் உள்ள ஒரு கம்பெனியிடம் இருந்தது. அதன் பிறகு மாதச் சம்பளத்துக்குச் சொந்த ஆள். இதே அளவு வியாபாரம் பண்ணுகிறவர்கள் எது தேவலை என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் சொந்த ஆள் பக்கம் சாய்கிறவன். அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

செலவை முதலில் முடித்துவிடுவோம், அதில் பெரிய விஷயம் இல்லை. ஏஎம்சி என்கிற வருஷப் பராமரிப்புத் தொகையைப் பார்த்தால் வெளிக் கம்பெனி மலிவாகத் தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனியாகப் போடுகிற சேஞ்ச் ரெக்வெஸ்ட் பில்லையும் கூட்டினால், ஒரு ஆளின் வருஷச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆள் பலம் வெளிக் கம்பெனியிடம்தான். ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் போனை எடுப்பார். வைரஸ், வெளி ஆள் உள்ளே நுழையாமல் தடுக்கிற ஃபயர்வால் மாதிரி சமாச்சாரங்களிலும் அவர்கள் கை தேர்ந்தது. இதையெல்லாம் மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

எங்களுக்கு முதல் அடி விழுந்தது 2022 ஜூலையில். அதுவரை பதிவு பெற்ற பிராண்டுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி, ஜூலை 18 முதல் 25 கிலோ வரை லேபிள் ஒட்டிக் கட்டிய அரிசிச் சிப்பத்துக்கெல்லாம் என்று ஆனது. அறிவிப்பாணை வந்தது 13-ம் தேதி, புதன்கிழமை. மில்காரர்கள் சும்மா இருப்பார்களா? 26 கிலோ சிப்பம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே பொன்னி அரிசி, 25 கிலோ என்றால் வரி உண்டு, 26 கிலோ என்றால் இல்லை. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் வரி என்பது சரக்கின் பெயரோடு ஒட்டியிருந்தது, எடையைப் பார்க்கத் தெரியாது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டோம். டிக்கெட் நம்பர், அதாவது கோரிக்கையைப் பதிந்த எண் வந்தது. பன்னிரண்டு வேலை நாள் ஆகும் என்று பதிலும் வந்தது.

திங்கட்கிழமை காலையில் லோடு ஏற்ற லாரி வந்து நிற்கிறது. முதலாளி அண்ணாச்சி என் மேஜைக்கே வந்துவிட்டார். "ஏய்யா, பில்லு இல்லாம லோடு எப்படிய்யா போவும்?" என்றார். கார்பன் பேப்பரை எடுத்துக் கையால் எழுதினோம். அந்த இரண்டரை வாரத்துக் கைப்பில்களைப் பிறகு உட்கார்ந்து ஏற்றி முடிக்க எனக்கு ஆடி மாதத்தின் மிச்ச நாள் முழுக்கச் சரியாகப் போனது.

அந்தக் கம்பெனி மேல் முழுப் பழியைப் போட மாட்டேன். அவர்களுக்கு எங்களைப் போல நிறைய வாடிக்கையாளர்கள், எல்லோரும் அதே வாரம்தான் கேட்டிருப்பார்கள். எங்களுக்கு அவசரம், அவர்களுக்கு வரிசை. இது இந்த ஏற்பாட்டோடு கூடப்பிறந்தது, ஆளை மாற்றினால் தீராது.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். விலக நினைத்தபோதுதான் உண்மையான சங்கதி தெரிந்தது. இந்த ஒப்பீட்டில் மற்ற எதையும்விட நான் பெரிதாக எடுத்துக்கொள்வது இதைத்தான்: சாவி யார் கையில் இருக்கிறது, விலகும்போது எதை எடுத்துக்கொண்டு விலகலாம்?

அந்த வருஷம் அக்டோபர் 1 முதல், 10 கோடிக்கு மேல் விற்றுவரவு உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது அரசு இணையதளத்தில் பதிந்து போடுகிற பில், கட்டாயமானது. நாங்களும் அதில் வந்தோம். அந்தச் சாக்கில் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேருக்கு மாறிவிடலாம் என்று முடிவுசெய்து, எங்கள் டேட்டாவைக் கேட்டோம். வந்தது ஒரு பென் டிரைவ். உள்ளே வாடிக்கையாளர் பாக்கி, கொள்முதல், ஸ்டாக் எல்லாம் பிடிஎஃப். ஆயிரம் பக்கத்துக்கு மேல். பார்க்கலாம், படிக்கலாம், வேறு சாஃப்ட்வேருக்குள் ஏற்ற முடியாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கேட்டால், ஒப்பந்தத்தில் அது இல்லை என்றார்கள். எடுத்துப் பார்த்தோம், உண்மையிலேயே இல்லை. கடையின் பெயரில் இருந்த இணைய முகவரிகூட அந்தக் கம்பெனியின் கணக்கில்தான் பதிவாகியிருந்தது. ஆக, பல வருஷமாக எங்கள் வீட்டுக்கு நாங்களே வாடகைக்குக் குடியிருந்திருக்கிறோம். முழுதாக வெளியே வர ஐந்து மாதம் ஆனது.

வெளி ஆளிடம் வேலையைக் கொடுத்தால் பொறுப்பும் கூடப் போய்விடும் என்று நினைக்கிறவர்களுக்கு இங்கிலாந்து வங்கி ஒன்றின் கதையைச் சொல்வேன். டிஎஸ்பி என்ற வங்கி 2018 ஏப்ரலில் தன் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. வேலையைச் செய்தது தாய் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு. லட்சக்கணக்கானவர்களால் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை. ஒழுங்குமுறை அமைப்புகள் 2022 டிசம்பரில் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டன. அதோடு விடவில்லை. வெளி ஆளின் வேலையைச் சரியாக மேற்பார்வை பார்க்கவில்லை என்று அந்த வங்கியின் தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்தவருக்கு 2023-ல் தனியாக 81,620 பவுண்டு அபராதம், அவர் சொந்தக் கணக்கில். எங்களுக்கு அப்படி அபராதம் போட யாரும் இல்லை. ஆனால் தப்பான இ-இன்வாய்ஸுக்கு நோட்டீஸ் வந்தால் அது எங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்குத்தான் வரும்.

எதை வெளியே கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு நம் ஊரிலேயே நேரில் பார்க்கிற மாதிரி ஒன்று இருக்கிறது. திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்துக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். ஏ கவுன்டரில் போட்டோ எடுப்பது, கைரேகை வைப்பது, காகிதங்களை ஸ்கேன் செய்வது எல்லாம் டிசிஎஸ் என்ற தனியார் கம்பெனியின் ஊழியர்கள். பி கவுன்டரில் ஆவணம் சரிபார்ப்பவரும், சி கவுன்டரில் கொடுக்கலாம் என்று முடிவெடுப்பவரும் அரசு அதிகாரிகள். இயந்திரம், வரிசை, டோக்கன், ஏசி எல்லாம் வெளியே. முடிவு மட்டும் உள்ளே. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் வேறு வழி. அங்கே தேசிய தகவலியல் மையத்தின் மாவட்டப் பிரிவு இருக்கிறது. 1976-ல் தொடங்கிய மத்திய அரசு அமைப்பு அது. மாவட்டத் தகவலியல் அலுவலர் ஆட்சியரின் அதே வளாகத்தில் உட்கார்ந்திருப்பார், வெளியிலிருந்து டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. அரசாங்க வேலை மெதுவாக நடக்கும் என்ற குறை எனக்கும் உண்டுதான். ஆனாலும் மாவட்டம்தோறும் சொந்த ஆளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே தோன்றியிருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும்.

சரி, சொந்த ஆளுக்கு வருவோம். முதலில் வந்தது விக்கிரமசிங்கபுரத்துத் தம்பி ஒருவர், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அண்ணாச்சிக்கு ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. "அவன் நாளைக்குப் போய்ட்டான்னா என்னய்யா செய்வ?" என்பார். நியாயமான கேள்வி. நான் அதற்கு அப்போது ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. பேய் மழை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறந்த தண்ணீர் வேறு தாமிரபரணியில் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் சர்வர் தரைத் தளத்தில், கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. சாயங்காலம் தம்பி யாரையும் கேட்காமல் வந்து, அதைக் கழற்றி, அரிசிச் சாக்கு இரண்டைச் சுற்றி, அதற்கு மேல் தார்ப்பாயைக் கட்டி, லோடுமேன் ஒருவரைப் பிடித்து இரண்டாவது மாடிக்கு ஏற்றிவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். மறுநாள் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு, ஆட்சியர் அலுவலகம் எல்லாம் தண்ணீரில் நின்றதை ஊரே பார்த்தது. எங்கள் கல்லா மேஜையில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. கீழே இருந்த சரக்கு போனது போனதுதான். நனையாத பேக்கப்பை வைத்து சங்கரன்கோவில் கிளையிலிருந்து பில் போட ஆரம்பித்தோம். வெளிக் கம்பெனியாக இருந்தால் டேட்டா சென்னையில் பத்திரமாக இருந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருந்திருக்கும். அதனால் இந்தச் சம்பவத்தைச் சொந்த ஆளுக்குச் சாதகமான முழுச் சாட்சியாக நான் வைக்க மாட்டேன். எதை முதலில் தூக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தார், அவ்வளவுதான்.

அண்ணாச்சி பயந்தது 2024-ல் நடந்தது. தம்பிக்குச் சென்னையில் நல்ல வேலை கிடைத்தது, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார். இந்தத் தடவை நாங்கள் கொஞ்சம் தேறியிருந்தோம். எல்லா பாஸ்வேர்டும், டொமைன் என்கிற இணைய முகவரியைப் புதுப்பிக்கும் தேதியும், எந்த பேக்கப் எங்கே போகிறது என்பதும் ஒரு நீள நோட்டில் எழுதி இரும்புப் பெட்டியில் இருந்தது. 'சாவி நோட்டு' என்போம். தம்பி போன மறுநாள், இணையத்தில் நகல் சேமிக்கிற கிளவுட் பேக்கப் கணக்கைத் திறந்தேன். பாஸ்வேர்டு சரி. ஓடிபி அவருடைய சொந்த நம்பருக்குப் போனது.

நோட்டில் எல்லாம் இருந்தது, ஓடிபி எந்த நம்பருக்குப் போகும் என்பதைத் தவிர. ஒரு வாரம் தாம்பரத்திலிருந்து போனில் ஓடிபி சொன்னார் பாவம். மீட்டிங்கில் இருந்தால் நான் காத்திருப்பேன். அப்புறம் கடை பேரில் ஒரு சிம் வாங்கி, பட்டன் போன் ஒன்றில் போட்டு, எல்லாக் கணக்கையும் அந்த நம்பருக்கு மாற்றினோம். அந்தப் போன் இப்போதும் கல்லாப் பெட்டியிலேயே கிடக்கிறது.

ஆக, சாவிச் சிக்கல் சொந்த ஆளிடமும் உண்டு. வெளிக் கம்பெனி ஒப்பந்தத்தில் டேட்டாவை இன்ன வடிவத்தில் திருப்பித் தர வேண்டும், டொமைன் எங்கள் பேரில்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு வரி போட்டிருந்தால் 2022-ல் அந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த இரண்டு வரியைப் போடத் தெரிந்த ஆள் அப்போது எங்கள் பக்கம் யாரும் இல்லையே. கையெழுத்துப் போட்டது நானும் அண்ணாச்சியும். தொகையைப் பார்த்தோம், தேதியைப் பார்த்தோம், போட்டுவிட்டோம். வெளியே கொடுப்பதென்றாலும் கேட்டு வாங்கத் தெரிந்த ஒருவர் உள்ளே வேண்டும். நான் சொந்த ஆள் பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம், விசுவாசம் அது இது என்று ஒன்றும் இல்லை.

அந்த ஆளுக்கு அதிகாரமும் கொடுக்க வேண்டும். ஒரு கேபிள் வாங்கக் கேஷியரிடம் மூன்று நாள் நடக்கவிட்டால் அவர் தலைமை தாங்க முடியாது, எடுபிடிதான். அமெரிக்க அரசாங்கமே இதைத் தாமதமாகத்தான் பிடித்தது. அங்கே துறைதோறும் தலைமைத் தகவல் அதிகாரி வேண்டும் என்ற சட்டம் 1996-லேயே வந்துவிட்டது. தொழில்நுட்ப பட்ஜெட்டில் அவர்கள் சொல்லுக்கு எடை கொடுக்கிற சட்டம் 2014 கடைசியில்தான். எங்கள் கடையில் மாதம் பத்தாயிரம் வரை கேட்காமல் செலவு செய்யலாம் என்று வைத்திருக்கிறோம்.

பகுதிநேர ஆலோசகர் என்று ஒரு நடு வழியும் இருக்கிறது. தம்பி போனதற்கும் அடுத்த ஆள் வந்ததற்கும் நடுவில், வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மாதம் இரண்டு சனிக்கிழமை வந்தார். எங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று முழுப் பட்டியல் போட்டுக் கொடுத்தது அவர்தான். சின்னக் கடைக்கு இது போதுமானதாக இருக்கலாம். எனக்கு இதில் இரண்டு மாத அனுபவம்தான், நாலு சனிக்கிழமையை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது இருப்பவர் பேட்டையிலிருந்து வருகிற ஒரு தங்கச்சி. ஃபயர்வாலையும் இணைய இணைப்பையும் மறுபடி வெளிக் கம்பெனியிடம் கொடுத்தது அவர்தான், ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, அட்மின் பாஸ்வேர்டு எங்களிடம் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிய பிறகு. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18-லிருந்து 5-க்கு வந்தன. நெய் 12-லிருந்து 5. முந்தின நாள் ஞாயிறு. கடையைச் சாத்திவிட்டு அவரும் நானும் உட்கார்ந்து, சரக்குப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றி, ராத்திரி பதினொன்றரைக்கு டெஸ்ட் பில் போட்டோம். அண்ணாச்சி பக்கத்துக் கடையிலிருந்து பரோட்டா வாங்கி அனுப்பினார். காலையில் லாரி வந்தபோது பில் தயாராக இருந்தது.

ஒன்பது நாள் கழித்து ஆயுத பூஜை. எங்கள் கடையில் தராசு, படி, பேரேடு, லாரிச் சாவி எல்லாவற்றோடும் சாவி நோட்டும் பட்டன் போனும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்ளும். பூஜை முடிந்ததும் தங்கச்சி பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றி நோட்டில் புதுப் பக்கத்தில் எழுதுவார். பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் பேக்கப்பை முழுதாக ஏற்றி, ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைக் கேட்டுப் பார்ப்போம். இந்தத் தடவை அண்ணாச்சி தானே ஒரு பெயரைச் சொன்னார், வள்ளியூர்க்காரர் ஒருவர். திரையில் தொகை வந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவன் இன்னுமா தரல?" என்றார்.