ஆல்ஃபா வகுப்பு: இரட்சிப்பைப் பற்றிய கேள்விகளோடு போகிறவர்களுக்கு

“நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேன் என்று எப்படித் தெரியும்?” “நல்லவனாக வாழ்ந்தால் போதாதா?” “ஒருமுறை பெற்ற இரட்சிப்பு கைவிட்டுப் போகுமா?” கிறிஸ்தவத்தைப் புதிதாக விசாரிக்கிறவர்களும், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்களும் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றைத்தான். இவற்றுக்குப் பதில் தேடி, சபைகள் நடத்தும் கிறிஸ்தவ அறிமுகப் பாடமான ஆல்ஃபா வகுப்பில் சேரலாமா? முதல் கேள்விக்கு அது நன்றாகவே உதவும். இரண்டாவதற்கு ஓரளவு. மூன்றாவதற்கு அங்கே பதில் கிடைக்காது. அதற்குக் காரணமும் இருக்கிறது.

லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் என்ற ஆங்கிலிக்கன் ஆலயத்தில், சார்ல்ஸ் மார்னம் என்ற உதவிக் குருவானவர் 1977-இல் தொடங்கியது இந்த வகுப்பு. அப்போது அது புது விசுவாசிகளுக்கான அடிப்படைப் பாடம். 1990-இல் பொறுப்பேற்ற நிக்கி கம்பல், வழக்கறிஞராக இருந்து குருவானவரானவர், அதைச் சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஏற்றபடி மாற்றினார். அதனால்தான் அமர்வுகளின் தலைப்புகள் அநேகமாக எல்லாமே கேள்விகளாக இருக்கின்றன.

வாரம் ஒரு மாலை. மொத்தம் பத்துப் பதினொரு வாரம். நடுவில் ஒரு வாரக்கடைசி வெளியூரில் தங்கல் அல்லது ஒருநாள் கூடுகை. ஒவ்வொரு மாலையும் முதலில் சாப்பாடு, பிறகு சுமார் அரைமணி நேரப் பேச்சு அல்லது காணொளி, அதன்பின் சிறு குழுவில் கலந்துரையாடல். வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. தங்கும் செலவு மட்டும் சபைக்குச் சபை மாறும்.

பார்த்தே ஆக வேண்டியது “இயேசு ஏன் மரித்தார்?” என்ற அமர்வு. சிலுவையை நான்கு கோணங்களில் காட்டுகிறது: நீதிமன்றத்தில் குற்றவாளி நீதிமானாக்கப்படுவது, சந்தையில் அடிமை விலைகொடுத்து மீட்கப்படுவது, ஆலயத்தில் பலியால் கறை நீங்குவது, வீட்டில் பிரிந்தவர்கள் ஒப்புரவாவது. நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் புதிய ஏற்பாடு இரட்சிப்பு என்று எதைச் சொல்கிறது என்பது பிடிபடும். நேரமில்லை என்று குழுவினர் நீதிமன்றக் கோணத்தோடு நிறுத்திக்கொண்டால், தண்டனை கழிந்தது, கணக்கு முடிந்தது என்ற எண்ணம் மட்டுமே மனதில் தங்கும். ‘பிறகு ஏன் ஒழுங்காக வாழ வேண்டும்?’ என்ற கேள்வி அங்கேதான் முளைக்கிறது. ஒப்புரவு என்ற கோணத்துக்கு நடத்துபவர் பத்து நிமிடமாவது ஒதுக்க வேண்டும். 2 கொரிந்தியர் 5:18, 19 வசனங்களைக் குழுவிலேயே வாசித்துவிடுவது நல்லது.

அடுத்தது விசுவாசத்தைப் பற்றிய அமர்வு. இரட்சிப்பின் நிச்சயம் உணர்ச்சியில் நிற்பதில்லை. தேவனுடைய வாக்கு, இயேசு செய்து முடித்த வேலை, பரிசுத்த ஆவியின் சாட்சி ஆகிய மூன்றில் நிற்கிறது என்பதுதான் அதன் சாரம். ஹோல்மன் ஹன்ட் வரைந்த ஓவியம் ஒன்றை இங்கே எடுத்துக்காட்டுவார்கள். இயேசு விளக்கோடு நின்று கதவைத் தட்டுகிறார். கதவில் கொடி படர்ந்திருக்கிறது. வெளிப்பக்கம் கைப்பிடி இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் 3:20-க்கு அது நல்ல விளக்கம்தான். ஆனால் அந்த வசனம் லவோதிக்கேயா சபைக்கு, அதாவது ஏற்கெனவே விசுவாசிகளாக இருந்தவர்களுக்கு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘சின்ன வயதிலேயே ஜெபித்துவிட்டேன், மறுபடியும் ஜெபிக்க வேண்டுமா?’ என்று குழம்புகிறவருக்கு அந்த ஒரு தகவலே பெரிய நிம்மதி. அவரிடம் 1 யோவான் 5:13-ஐயும் காட்டலாம்.

நற்கிரியைகளைப் பற்றிய கேள்வியில் பல குழுக்கள் தடுமாறும். ஒருவர் எபேசியர் 2:8, 9-ஐ எடுப்பார், இன்னொருவர் யாக்கோபு 2:24-ஐ எடுப்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். எபேசியர் 2-இன் பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசித்தால் பாதி முடிச்சு அவிழும்: கிரியைகளினால் இரட்சிப்பு இல்லை, கிரியைகளுக்காகவே இரட்சிக்கப்பட்டோம். கத்தோலிக்கரும் லுத்தரன்களும் கலந்திருக்கும் குழுவாக இருந்தால், 1999-இல் ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பும் கையெழுத்திட்ட நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையை நடத்துபவர் முன்கூட்டியே படித்துக்கொண்டு வருவது அவசியம்.

இரட்சிப்பை இழக்க முடியுமா, ஞானஸ்நானம் இல்லாமல் பரலோகம் உண்டா என்பவற்றுக்குத் தனி அமர்வு இல்லை. கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தேயினர், பிரஸ்பிட்டேரியன்கள் எல்லாரும் ஒரே பாடத்தைப் பயன்படுத்துவதால், அவர்கள் பிரிந்து நிற்கும் இடங்களை ஆல்ஃபா தொடுவதில்லை. இரட்சிப்பை இழக்க முடியுமா என்பது, டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் சீடர்கள் 1610-இல் எழுப்பி, 1618-19-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் விவாதிக்கப்பட்ட விஷயம்; இன்னும் தீரவில்லை. யோவான் 10:28-ஐயும் எபிரெயர் 6:4-6-ஐயும் சபைகள் வெவ்வேறு விதமாக இணைக்கின்றன. ஆல்ஃபாவின் இந்த மௌனம் நியாயமானதே. ஆனால் கேட்டவருக்குப் பதில் கிடைக்காமல் போகக் கூடாது. வகுப்பு முடிந்ததும் அந்தச் சபையின் போதகர் ஒரு மாலை உட்கார்ந்து, தம் சபை என்ன நம்புகிறது, ஏன் நம்புகிறது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நற்செய்தியையே கேள்விப்படாதவர்களின் கதி என்ன என்ற கேள்விக்கும் இதே வழிதான். ரோமர் 2:14-16-இலிருந்து தொடங்கலாம்.

வகுப்பு சொதப்புவதற்கு முக்கியமான காரணம், குழுவை நடத்துபவர் பிரசங்கியாகிவிடுவது. அவருடைய வேலை, “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது. அரைமணிப் பேச்சுக்குப் பிறகு அவரும் இருபது நிமிடம் பேசினால், அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். நடத்துபவரும் உதவியாளர்களும் உட்பட ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் கூச்சமுள்ளவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். சாப்பாட்டை வெட்டி நேரம் மிச்சம் பிடிப்பதும் தவறு. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் மரணத்தையும் பாவத்தையும் பற்றி யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

வாரக்கடைசிக் கூடுகை முழுக்கப் பரிசுத்த ஆவியைப் பற்றியது; முடிவில் ஆவியின் நிறைவுக்காக ஜெபிப்பார்கள். அந்நிய பாஷை, அதாவது ஆவியின் ஏவுதலால் தாம் கற்காத மொழியில் பேசுவது, பற்றிய பேச்சும் வரும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பழக்கமில்லாதவர்கள் மிரண்டுபோவார்கள். அந்நிய பாஷை வந்தால்தான் இரட்சிப்பு என்று யாராவது எடுத்துக்கொண்டால் உடனே திருத்த வேண்டும். ஆல்ஃபா அப்படிப் போதிப்பதில்லை.

விசாரிக்கிற மனதோடு வருகிறவருக்கும், பல வருடம் சபைக்குப் போயும் நிச்சயம் இல்லாதவருக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். வேத வசனங்களை வரிக்கு வரி ஆராய விரும்புகிறவருக்கு ரோமர் நிருப வேதபாட வகுப்பே பொருந்தும். சேருமுன் சபையில் மூன்று விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்: குழுவில் எத்தனை பேர், வாரக்கடைசிக் கூடுகை உண்டா, வகுப்பு முடிந்தபின் ஞானஸ்நானம் பற்றிப் பேச யார் இருப்பார்.