வாரன்டி முடிஞ்ச பிறகு வந்த பச்சைக் கோடு: ஃபோனுக்கும் சர்வீஸுக்கும் சேர்த்து ஒரு ரிவ்யூ

கம்பெனி பேரை இதுல போடல. இதே கோடு நாலஞ்சு கம்பெனி ஃபோன்ல வந்திருக்கு, ஒரு பேரை மட்டும் போட்டா பேச்சு அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதான்னு திரும்பிடும், சொல்ல வந்தது நின்னுடும்.

ஃபோனைப் பத்தி முதல்ல சொல்லிடறேன், அதுல பெருசா குறை இல்ல. கேமரா இன்னைக்கும் நல்லா இருக்கு, பேட்டரி சாயந்தரம் வரைக்கும் தாங்குது, சார்ஜ் சீக்கிரம் ஏறுது, ஹேங் ஆகுறதில்ல. ஆனா வாரன்டி முடிஞ்சு கொஞ்ச காலம் கழிச்சு ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு, ரீஸ்டார்ட் ஆகி வந்ததும் ஸ்க்ரீனோட வலது பக்கமா மேலருந்து கீழ வரைக்கும் தலைமுடி கனத்துல ஒரு பச்சைக் கோடு. கீழ போடல, தண்ணி படல, உக்காந்து நசுக்கல. டார்க் மோடு வச்சா இன்னும் பளிச்சுன்னு எரியுது, வீடியோ பாக்கும்போது ஆளோட மூஞ்சி நடுவுல ஓடுது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேற ஃபோனுக்கு அனுப்பிப் பாத்தா அதுல மட்டும் கோடு இல்ல. உங்களுக்கு இது வந்தா முதல்ல இந்த டெஸ்ட்டை பண்ணிப் பாருங்க, ஸ்க்ரீன்ஷாட்டுல கோடு இல்லேன்னா ஃபோன் படத்தை சரியாத்தான் அனுப்புது, கோளாறு பேனல்ல, அதாவது ஸ்க்ரீன்லயே இருக்கு.

சர்வீஸ் சென்டர் ஏசி போட்டு நீட்டா இருந்துச்சு, டோக்கனும் சீக்கிரமே கூப்பிட்டாங்க, அதெல்லாம் சொல்லியாகணும். கவுன்ட்டர்ல இருந்த பையன் சிம் ட்ரேவை வெளிய எடுத்து, ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு அந்த சின்ன ஸ்டிக்கரைப் பாத்தான், தண்ணி பட்டிருந்தா அது சிவப்பாயிடும், என்னோடது வெள்ளையாத்தான் இருந்துச்சு. அப்புறம் நகத்தால ஃப்ரேமைச் சுத்தி ஒரு தடவு தடவினான். கீழ் மூலையில பவுச் உரசி உரசி வந்த ஒரு மார்க், கண்ணுக்குக் கிட்ட வச்சாத்தான் தெரியும். அதை ஜாப் ஷீட்ல, அதாவது ஃபோன் எந்த நிலைமைல வந்துச்சுன்னு எழுதுற சீட்டுல, "டென்ட்"னு (அடிபட்டு நசுங்கினதுன்னு) எழுதினான். "தம்பி இது டென்ட் இல்லப்பா, பவுச் உரசுனது, மாத்தி எழுது"ன்னு சொன்ன பிறகுதான் "ஸ்க்ராட்ச்"னு மாத்தினான். இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, அந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான் பின்னாடி உங்களை ஓரங்கட்டுவாங்க. டென்ட்னு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா அது ஃபிசிக்கல் டேமேஜ், அதுக்கு மேல எங்க போய் என்ன பேசினாலும் அந்த ஷீட்டைத்தான் காட்டுவாங்க. கையெழுத்துக்கு முன்னாடி ஒவ்வொரு வரியும் படிங்க.

"வாரன்டி முடிஞ்சிடுச்சு சார், டிஸ்ப்ளே மாத்தணும்." எஸ்டிமேட் வாங்குன விலையில பாதிக்குக் கிட்ட வந்துச்சு.

"அப்டேட் போட்டதும்தானே தம்பி வந்துச்சு?"

"அப்டேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார், இது ஹார்டுவேர் இஷ்யூ."

"ஹார்டுவேர்னா அது நீங்க செஞ்சு குடுத்தது தானேப்பா?"

"அது எனக்குத் தெரியாது சார், வாரன்டில இருந்தா ஃப்ரீயா மாத்திக் குடுத்திருப்போம்."

அந்தப் பையன் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல, அவனுக்குக் குடுத்த பதிலை அவன் சொல்றான். ஆனா அந்த பதிலை கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாஃப்ட்வேர்னா அவங்க அனுப்புன சாஃப்ட்வேர், ஹார்டுவேர்னா அவங்க வச்ச பேனல், தண்ணி படலேன்னு அவங்க ஸ்டிக்கரே சொல்லுது. இதுல வாங்குனவன் செஞ்சது என்ன? காசு குடுத்தது ஒண்ணுதான்.

இப்போ கோடு எப்படி வருதுன்னு பாப்போம், இது தெரிஞ்சாத்தான் புகார்ல எது நியாயம் எது இல்லைன்னு பிரிக்க முடியும். அமோலெட் ஸ்க்ரீன்ல பேக்லைட் கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், எவ்வளவு எரியணும்னு ஒவ்வொரு வரிசைக்கும் மேலருந்து கீழ ஓடுற ஒரு மெல்லிய லைன் வழியா சிக்னல் போகுது. ஃபுல் ஹெச்டி ஸ்க்ரீனோட அகலமே 1080 பிக்சல், அப்போ லைன் எத்தனைன்னு பாத்துக்கோங்க. இத்தனையும் ஸ்க்ரீனோட அடிப்பக்கம் ஒரே இடத்துல குவிஞ்சு, மடிச்சு விட்ட ஃப்ளெக்ஸ்ங்கிற மெல்லிய வளையற கேபிள் வழியா, ஸ்க்ரீனை ஓட்டுற டிரைவர் சிப்புக்குப் போகுது. அந்த ஒட்டு விடுற இடத்துலதான் வினை. ஒரு லைன் விட்டுப்போச்சுன்னா அந்த வரிசை கன்ட்ரோல் இல்லாம எரிஞ்சுக்கிட்டே இருக்கும். நம்ம ஃபோன் அமோலெட்ல பெரும்பாலும் பச்சைப் புள்ளிகளுக்குன்னு தனி வரிசை, சிவப்பும் நீலமும் இன்னொரு வரிசைல மாறி மாறி வரும், அதனாலதான் சிலருக்கு பச்சைக் கோடு, சிலருக்கு பிங்க் கோடு.

அப்போ அப்டேட் மேல போடற பழி சரியா? முழுசா சரின்னு நான் சொல்லமாட்டேன். பெரிய அப்டேட் போட்டா ஃபோன் எல்லா ஆப்பையும் மறுபடி ஆப்டிமைஸ் பண்ணும், பிராசஸர் ரொம்ப நேரம் ஓடும், பல பேர் அப்போ சார்ஜ்லயும் போட்டிருப்பாங்க, சூடு ஏறும். நம்ம ஊர் மே மாச வெயிலும் புழுக்கமும் வேற சேந்துச்சுன்னா ஏற்கனவே பலமில்லாத ஒட்டு அன்னைக்குப் பிரியும். அப்டேட் போடலேன்னாலும் அது இன்னும் கொஞ்ச நாள்ல பிரிஞ்சிருக்கலாம். அதனால "அப்டேட்தான் ஸ்க்ரீனைக் கெடுத்துச்சு"ங்கிற காரணம் தப்பா இருக்கலாம், "என் ஸ்க்ரீன் என் தப்பு இல்லாம கெட்டுப்போச்சு"ங்கிற புகார் தப்பு இல்ல. காரணத்தைக் கண்டுபிடிக்கிறது வாங்குனவன் வேலையே கிடையாது. லேபும் இன்ஜினியரும் அவங்ககிட்ட இருக்கு.

ஒன்பிளஸ் 2024 டிசம்பர்ல இந்தியாவுல ஒரு அறிவிப்பு விட்டாங்க, பச்சைக் கோடு வந்த தங்களோட எல்லா மாடலுக்கும் லைஃப்டைம் வாரன்டின்னு. அதோட சேர்த்து, இனிமே பேனல் ஓரத்துல ஒட்டுற லேயரை பலப்படுத்தி இருக்கோம், 85 டிகிரி சூட்டுல 85 சதவீத ஈரப்பதத்துல வச்சு டெஸ்ட் பண்றோம்னும் சொன்னாங்க. ஓரத்தை பலப்படுத்தணும், சூட்டுலயும் ஈரத்துலயும் வச்சுப் பாக்கணும்னு கம்பெனியே சொல்லுதுன்னா கோளாறு எங்க இருந்துச்சுன்னு அதுலயே தெரியுது. லேட்டா வந்தாலும் நல்ல திட்டம், மனசார பாராட்டறேன். 2023-லயே 8 ப்ரோ, 8டி, 9, 9ஆர்னு சில மாடலுக்கு குடுத்தாங்க, அதை எல்லாத்துக்கும் விரிச்சது பெரிய விஷயம். சாம்சங்கும் 2024-ல எஸ்20, எஸ்21 சீரிஸ், எஸ்22 அல்ட்ரா மாதிரி சில மாடலுக்கு ஒரு தடவை ஃப்ரீயா ஸ்க்ரீன் மாத்திக் குடுத்தாங்க, ஆனா வாங்கி மூணு வருஷத்துக்குள்ள இருந்திருக்கணும், கடைசி தேதியும் இருந்துச்சு, அடிபட்டிருக்கக் கூடாதுன்னாங்க. நான் வச்சிருக்கிற ஃபோனுக்கு இப்படி எந்தத் திட்டமும் இல்ல. அதே கோளாறு, அதே கோடு, கம்பெனி மாறினா நியாயம் மாறுதுங்கிறதுதான் எனக்கு ஆறவே இல்ல.

வாங்குனவங்க மட்டும்தான் கத்துறாங்கன்னு நினைக்க வேணாம். 2024 ஏப்ரல்ல தென்னிந்திய மொபைல் கடைக்காரங்க சங்கம் ஒன்பிளஸுக்கு லெட்டர் போட்டு மே 1-லருந்து விக்கமாட்டோம்னு சொன்னப்போ, லாபம் கம்மிங்கிறதோட வாரன்டி க்ளெய்ம் இழுத்தடிக்குதுங்கிறதும் ஒரு காரணமா இருந்துச்சு. கடைல நின்னு கஸ்டமர்கிட்ட திட்டு வாங்குறது அவங்கதானே.

அடுத்து, "லட்சத்துல ஒண்ணு ரெண்டு ஃபோனுக்கு இப்படி ஆகத்தான் செய்யும், அதுக்குப் போய் இவ்வளவு சத்தமா"ன்னு ஒரு வாதம் வரும். இதுக்கு பழைய கதை நிறைய இருக்கு. 2014-ல ஐஃபோன் 6 பிளஸ் வளையுதுன்னு புகார் வந்தப்போ, விக்க ஆரம்பிச்ச முதல் ஆறு நாள்ல வளைஞ்சிடுச்சுன்னு எங்ககிட்ட வந்தது ஒன்பது பேர்தான்னு ஆப்பிள் சொல்லுச்சு. அப்புறம் அதே ஃபோன்ல டச் வேலை செய்யாம ஸ்க்ரீன் மேல சாம்பல் பட்டை ஓடுற கோளாறு வந்துச்சு, 2016 நவம்பர்ல அதுக்கு ஒரு ரிப்பேர் திட்டம் குடுத்தாங்க, 149 டாலர் கட்டணும், காரணம்னு சொன்னது ஃபோனைப் பல தடவை கீழ போட்டதால வருதுன்னு. 2018-ல கோர்ட் வழியா வெளிய வந்தது என்னன்னா, ஐஃபோன் 5எஸ்ஸை விட 6 வளையறதுக்கு 3.3 மடங்கு, 6 பிளஸ் 7.2 மடங்கு வாய்ப்பு அதிகம்னு அவங்களோட உள் டெஸ்ட்லயே இருந்துச்சு. புகார் குடுத்தவனை கீழ போட்டவன்னு சொல்லும்போது அந்தக் கணக்கு அவங்க கையில இருந்திருக்கு. எனக்கு "டென்ட்"னு எழுத வந்தப்போ இதுதான் ஞாபகம் வந்துச்சு.

அதே மாதிரி 2016-ல பேட்டரி தீப்பிடிச்ச சாம்சங் நோட் 7. செப்டம்பர் 2-ம் தேதி 25 லட்சம் ஃபோனைத் திருப்பி எடுக்கிறோம்னு அறிவிச்சப்போ கையில இருந்த கேஸ் 35 தான். எண்ணிக்கையை வச்சு ஒதுக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? மாத்திக் குடுத்த ஃபோனும் எரிஞ்சு, அக்டோபர்ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. 2 லட்சம் ஃபோனை டெஸ்ட் பண்ணிப் பாத்து 2017 ஜனவரில சொன்னது, முதல் பேட்டரில மேல் மூலை இடமில்லாம நசுங்கி இருக்கு, ரெண்டாவது கம்பெனி பேட்டரில வெல்டிங் பிசிறு இருக்கு. ரெண்டும் ஃபேக்டரில நடந்தது, கஸ்டமர் சார்ஜ் போட்ட விதத்துல ஒரு தப்பும் இல்ல.

நம்ம ஊர்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும், 2007 ஆகஸ்ட்ல நோக்கியா பிஎல்-5சி பேட்டரி. 4 கோடியே 60 லட்சம் பேட்டரிக்கு எச்சரிக்கை குடுத்தாங்க, உலகம் முழுக்க சூடாச்சுன்னு வந்த கேஸ் சுமார் 100. இருந்தும் நம்பரைப் பாருங்க, பாதிச்ச லாட்னா ஃப்ரீயா மாத்திக்கோங்கன்னாங்க. பேட்டரியைக் கழட்டி பின்னாடி நம்பரைப் பாத்து வரிசைல நின்னது அப்போ நம்ம ஊர்லயும் நடந்துச்சு, பயந்துட்டாங்க ஜனங்க, ஆனா யாரையும் "நீ என்ன பண்ணின"ன்னு கேக்கல.

அதுக்காக வர்ற புகார் எல்லாமே சரின்னு சொல்லமாட்டேன். ரெண்டு வருஷம் போட்டு அடிச்சுட்டு பேட்டரி முன்ன மாதிரி நிக்கலைன்னா அது கோளாறு இல்ல, லித்தியம் பேட்டரி தேயத்தான் செய்யும், 500 தடவை முழுசா சார்ஜ் ஏறி இறங்குனா 80 சதவீதம் மிச்சம் இருக்கும்னுதான் பல ஃபோனுக்குக் கணக்கே. 128 ஜிபின்னு வாங்குனா அவ்வளவும் காலியா இல்லைன்னு ஒரு ஸ்டார் போடறாங்க, பாவம் அந்த ஃபோன் என்ன பண்ணும். கீழ போட்டு மூலையில கருப்பு மை பரவுனதை தானா வந்துச்சுன்னு சொல்றவங்களாலதான் நிஜமா தானா வந்தவனையும் யாரும் நம்பறதில்ல. தண்ணி விஷயம் மட்டும் பாதிக்குப் பாதி. ஃபோன் தண்ணி, தூசி தாங்கும்னு போடற ஐபி68-ங்கிறது லேப்ல நல்ல தண்ணில வச்சுப் பாத்தது, கடலுக்கும் நீச்சல் குளத்துக்கும் எடுத்துட்டுப் போனா சீல் தாங்காது. ஆனா விளம்பரத்துல குளத்துல இறக்கிக் காட்டிட்டு வாரன்டில தண்ணி பட்டா கிடையாதுன்னு போட்டா அந்தப் புகார் நியாயம்தான், 2022-ல ஆஸ்திரேலியாவுல இந்த மாதிரி விளம்பரத்துக்காக சாம்சங்குக்கு 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்துச்சு.

வெளிக்கடைல மாத்தலாமான்னு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயும் விசாரிச்சேன். காம்போ, அதாவது கண்ணாடியோட சேந்த டிஸ்ப்ளே, விலை ரொம்பக் கம்மி, ஆனா அது அமோலெட் இல்ல, பேக்லைட் வச்ச எல்சிடி காப்பி. போட்டா ஸ்க்ரீனுக்குள்ள இருக்கிற ஃபிங்கர்பிரின்ட் வேலை செய்யாதுன்னு கடைக்காரர் அண்ணன் அவரே நேர்மையா சொல்லிட்டார். கருப்பும் சாம்பலாத்தான் தெரியும். பிரிஞ்ச ஃப்ளெக்ஸை மறுபடி ஒட்டித் தர்றோம்னு சொல்ற கடையும் இருக்கு, கேரன்டி கேட்டா பேச மாட்டேங்கறாங்க.

கடைசில கம்பெனிக்கு மெயில் போட்டேன். ஜாப் ஷீட், ஸ்டிக்கர் வெள்ளையா இருக்கிற ஃபோட்டோ, ஸ்க்ரீன்ஷாட்டுல கோடு இல்லாதது, எல்லாத்தையும் வச்சு, ஃப்ரீயா மாத்த முடியாதுன்னா அதை காரணத்தோட எழுத்துல குடுங்கன்னு கேட்டேன். அதோட 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் பதிவு பண்ணினேன். அதுக்கப்புறம்தான் மேலருந்து ஃபோன் வந்துச்சு, டிஸ்ப்ளே விலையில பாதி குறைக்கிறோம்னாங்க, மாத்திக்கிட்டேன். ஃபோன் இல்லாம வேலை ஓடாது, அதனால ஒத்துக்கிட்டேன், முழுசும் அவங்க தந்திருக்கணும்ங்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல.

இதுவும் கிடைக்கலைன்னா நுகர்வோர் கமிஷன் இருக்கு. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், கம்பெனி ஆபீஸ் எங்க இருந்தாலும் சரி, பொருள் மதிப்பு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, பிரச்சனை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், ஆன்லைன்லயே போடலாம். கோளாறு தயாரிப்புல இருந்து வந்ததுன்னு காட்ட வேண்டி வரும், அதுக்காகத்தான் ஜாப் ஷீட்டையும் ஃபோட்டோவையும் பத்திரமா வைக்கச் சொல்றேன்.

ஃபோனுக்கு 5-க்கு 4. சர்வீஸ் சென்டர் ஆளுங்களுக்கு 3, கம்பெனியோட வாரன்டி பாலிசிக்கு 1. மாத்தின டிஸ்ப்ளேக்கு மூணு மாசம்தான் வாரன்டி குடுத்திருக்காங்க. அமோலெட் ஃபோன் வாங்கப் போறவங்க கடைல கேமராவைப் பாக்கறதுக்கு முன்னாடி, பச்சைக் கோடு வந்தா எத்தனை வருஷம் வரைக்கும் ஃப்ரீயா மாத்துவீங்கன்னு கேளுங்க, வாய்ல சொன்னா பத்தாது, கம்பெனி சைட்ல அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்க.